அப்பாவுக்குக் கீமோ ஏத்தலாமா?

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினால் பாதிக்கு மேல் ஒரே விஷயம். நுரையீரல் புற்றுநோய், எழுபது தாண்டிய வயது, முற்றிய நிலை, கீமோ கொடுக்கலாமா வேண்டாமா. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் கடற்கரை ஊர்கள் பலவற்றிலிருந்து எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் எல்லாம் மகன், மகள், மருமகள். நோயாளியே எழுதியது ஒன்றே ஒன்று. அதனால் இந்த இதழை இதற்கே ஒதுக்கிவிட்டேன். மூட்டுவலியும் தைராய்டும் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் மண்டபத்தில் பிறந்து, மதுரையில் புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது ராமநாதபுரத்தில் சாயங்காலம் மட்டும் நோயாளிகளைப் பார்க்கிறேன். ஸ்கேனைப் பார்க்காமல் கடிதத்தைப் பார்த்து மருந்து எழுத மாட்டேன். உங்கள் டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

கேள்வி: டாக்டரம்மா, அப்பாவுக்கு 74 வயது. நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர். பீடி, சுருட்டு எதையும் தொட்டதில்லை. இருமலும் மூச்சு வாங்குவதுமாக இருந்தது. காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. அப்புறம் நெஞ்சில் தண்ணி கோத்திருக்கிறது என்று எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய், நான்காம் நிலை, அடினோகார்சினோமா என்ற வகை என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் "வயசாயிருச்சு, வீட்ல வச்சுப் பாருங்க" என்றார். இன்னொருவர் கீமோ கொடுக்கலாம் என்கிறார். சவூதியில் இருக்கும் தம்பி எவ்வளவு செலவானாலும் செய் என்று தினமும் போன் பண்ணுகிறான். அப்பா இப்போது பெரும்பாலும் கட்டிலில்தான். அவரிடம் இன்னும் நோயைச் சொல்லவில்லை. — ஒரு மகள், பாம்பன்

பதில்: மகளே, முதலில் அந்த "வயசாயிருச்சு" என்ற வார்த்தையைத் தள்ளி வையுங்கள். வயதை மட்டும் வைத்துக் கீமோ கிடையாது என்று சொல்வதற்கு இன்றைக்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. எழுபது தாண்டியவர்களை ஆராய்ச்சிகளில் அதிகம் சேர்க்கவே மாட்டார்கள். ஆராய்ச்சி இல்லாததால் மருந்தும் கொடுக்க மாட்டார்கள். 1999-ல் இத்தாலியில் எழுபது தாண்டியவர்களை மட்டும் வைத்து ஓர் ஆய்வு வந்தது. வினோரெல்பின் என்ற ஒரே மருந்தைப் பாதிப் பேருக்குக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வலி, மூச்சுத்திணறல் போன்றவற்றுக்கு மட்டும் சிகிச்சை. மருந்து இல்லாதவர்களில் பாதிப் பேர் 21 வாரத்தைத் தாண்டினார்கள், மருந்து எடுத்தவர்களில் பாதிப் பேர் 28 வாரத்தைத் தாண்டினார்கள். ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், மருந்து இல்லாதவர்களில் நூற்றுக்கு 14, மருந்து எடுத்தவர்களில் 32.

2011-ல் பிரான்சிலிருந்து பெரிய ஆய்வு ஒன்று வந்தது. 70 முதல் 89 வயது வரை 451 பேர். ஒரு மருந்து மட்டும் கொடுத்தவர்களில் பாதிப் பேர் 6.2 மாதத்தைத் தாண்டினார்கள். கார்போபிளாட்டினும், வாராவாரம் பாக்லிடாக்ஸெலும் சேர்த்துக் கொடுத்தவர்களில் அது 10.3 மாதம். நல்ல வித்தியாசம்தான். ஆனால் இன்னொரு கணக்கும் அதே ஆய்வில் இருக்கிறது, அதைப் பல பேர் சொல்வதில்லை. இரண்டு மருந்து எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்தன. நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் மருந்தாலேயே இறந்தார்கள். ஒரு மருந்து எடுத்தவர்களில் அது ஒன்றுக்குச் சற்று மேல்.

இந்த எண்களை உங்கள் தம்பிக்கும் படித்துக் காட்டுங்கள். நான்காம் நிலையில் கீமோ நோயைத் துடைத்து எடுக்காது. சில மாதங்களைக் கூட்டிக் கொடுக்கும், மூச்சையும் இருமலையும் ஓரளவு அடக்கும், அதற்கு ஒரு விலையும் கேட்கும். அந்த விலையை அப்பாவின் உடம்பு தாங்குமா என்பதுதான் பார்க்க வேண்டியது. வயதை வைத்து அதைச் சொல்ல முடியாது. தானே குளிக்கிறாரா, கடை வரை நடந்து போய் வருகிறாரா, பகலில் பாதிக்கு மேல் படுத்தே இருக்கிறாரா என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். பகலில் பாதிக்கு மேல் கட்டிலில் இருக்கிறவருக்குக் கீமோ பெரும்பாலும் கெடுதல்தான் செய்யும்.

உடனே "அப்பா கட்டிலில்தானே இருக்கிறார்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எதனால் கட்டிலில் இருக்கிறார்? நெஞ்சில் தண்ணி நிறைந்து மூச்சு விட முடியாமல் படுத்திருக்கலாம். அந்தத் தண்ணியை முழுசாக எடுத்து, மறுபடி சேராமல் இருக்கக் குழாய் வைத்து மருந்து செலுத்தி நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைத்தால், ஒரு வாரத்தில் எழுந்து திண்ணையில் உட்காருகிறவர்கள் உண்டு. அப்படி எழுந்த பிறகு கீமோவைத் தாங்குவாரா என்று பாருங்கள். மூச்சு முட்டிக் கிடக்கும்போது பார்த்துவிட்டு "தாங்க மாட்டார்" என்று எழுதிய சீட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதைவிட முக்கியமான ஒன்று. அப்பா புகை பிடிக்காதவர், வந்திருப்பது அடினோகார்சினோமா. கீமோ பேச்சை எடுக்கும் முன்பே இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்ற மரபணுச் சோதனைகள் செய்தார்களா என்று கேளுங்கள். இந்தியாவில் இந்த வகைப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருக்கிறது, புகை பிடிக்காதவர்களில் இன்னும் அதிகம். இருந்தால் கீமோவே வேண்டாம், தினம் வீட்டில் விழுங்குகிற மாத்திரையில் தொடங்கலாம். ஜெஃபிடினிப் போன்றவை இப்போது இந்தியத் தயாரிப்பாகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. ஓசிமெர்டினிப் என்ற புதிய மாத்திரை விலை கூடியது, ஆனால் அதில் தொடங்கியவர்களில் பாதிப் பேர் மூன்று வருடத்தைத் தாண்டியதாக ஆய்வு சொல்கிறது. வயிற்றுப்போக்கு, தோலில் பரு மாதிரிக் கொப்புளம் வரும். கீமோவின் தொல்லையோடு ஒப்பிட்டால் அது குறைவு. ஏற்கெனவே நெஞ்சிலிருந்து எடுத்த தண்ணியிலேயே இந்தச் சோதனையைச் செய்ய முடியும். முடிவு வரச் சில வாரம் ஆகும். மூச்சு கட்டுக்குள் இருக்கிறது என்றால் அந்த வாரங்களைப் பொறுப்பதில் தப்பில்லை. அவசரப்பட்டு ஒரு கீமோவை ஏற்றிவிட்டு, அப்புறம் மாத்திரை போதும் என்று தெரிந்து தலையில் அடித்துக்கொள்வதை விட அது மேல்.

காசநோய் மாத்திரை கொடுத்தவரைத் திட்டாதீர்கள். நம் பக்கத்தில் இருமலும் எடைக்குறைவும் நெஞ்சில் தண்ணியும் என்றால் முதலில் காசநோய் என்றுதான் தோன்றும். ஆனால் சளியில் கிருமி தெரியாமல், மாத்திரை போட்டும் படம் மாறாமல் இருந்தால் அடுத்த சோதனைக்குப் போய்விட வேண்டும்.

கடைசியாக, சொல்லவில்லை என்றீர்களே. சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். "நெஞ்சில் கட்டி இருக்குப்பா, முழுசா போகாது, அடக்கி வைக்க மருந்து இருக்கு. மேல தெரிஞ்சுக்கணுமா?" என்று கேளுங்கள், அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு. அவருக்குத் தெரியாமல் அவர் கையில் ஊசி ஏற்றக் கூடாது. 2012-ல் அமெரிக்காவில் கீமோ எடுத்துக்கொண்டிருந்தவர்களையே கேட்டுப் பார்த்தார்கள். பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய்க்காரர்களில் நூற்றுக்கு 69 பேர், இந்த மருந்து நம்மைக் குணமாக்க வாய்ப்பில்லை என்பதைப் புரிந்துகொள்ளாமலே எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் நோயாளியிடமே சொல்லும் ஊரில் அப்படி. மறைப்பதையே பாசம் என்று நினைக்கும் நம் ஊரில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத் தானே முடிவெடுத்துக் கடலுக்குப் போன மனிதர் அவர்.

கேள்வி: ஊசி போட்டுச் சதை எடுத்தால் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும் என்கிறார்களே? — தேவிபட்டினம்

பதில்: பரவாது. சதை எடுக்காமல் என்ன வகை என்று தெரியாது, வகை தெரியாமல் எந்த மருந்தும் கொடுக்க முடியாது. நான்காம் நிலை என்றால் ஊசி போடும் முன்பே பரவிவிட்டது என்று அர்த்தம். பழியை ஊசி மேல் போட வேண்டாம்.

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு ஸலாம். வாப்பாவுக்கு 79 வயது, எடை 52 கிலோ. இருபது வருடமாகச் சர்க்கரை. சிகரெட் குடித்தவர், விட்டுப் பத்து வருடம் ஆகிறது. ஸ்குவாமஸ் வகை என்கிறார்கள், ஈரலுக்கும் போயிருக்கிறது. அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசல் வரை நடந்து போய் நடந்து வருகிறார். கிரியாட்டினின் 1.3, கிட்டத்தட்ட நார்மல்தானே? லேசான கீமோ என்று ஒன்று இருக்கிறதா? நோன்பு வைக்கலாமா என்றும் வாப்பா கேட்கச் சொன்னார்கள். — ஒரு மகன், கீழக்கரை

பதில்: வஅலைக்கும் ஸலாம் தம்பி. தினமும் பள்ளிக்கு நடக்கிறார் என்பதைப் படித்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. கிரியாட்டினினைப் படித்ததும் அது கொஞ்சம் இறங்கியது.

கிரியாட்டினின் தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றுகிற கழிவு. தசை குறைந்த வயதானவருக்கு 1.3 என்பது இளைஞனின் 1.3 இல்லை. ஒரு பழைய கணக்கு உண்டு, வீட்டிலேயே போடலாம்: 140-லிருந்து வயதைக் கழியுங்கள், எடையால் பெருக்குங்கள், கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். வாப்பாவுக்கு 61 பெருக்கல் 52, வகுத்தல் 93.6. ஏறக்குறைய 34 வருகிறது. நல்ல சிறுநீரகத்துக்கு 90-க்கு மேல் இருக்க வேண்டும். சீட்டில் "நார்மலுக்குப் பக்கம்" என்று தெரிவது உள்ளே மூன்றில் ஒரு பங்கு வேலைதான் செய்கிறது. பெண்களுக்கு இதே கணக்கில் வருவதை 0.85-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

இதனால் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து அவருக்குக் கிடையாது. அது சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கும், கொடுக்கும்போது லிட்டர் கணக்கில் சலைன் ஏற்ற வேண்டும். பெமெட்ரெக்ஸெட் என்று யாராவது எழுதினால் அதுவும் வேண்டாம்; சிறுநீரகத்துக்கும் ஒத்துவராது, ஸ்குவாமஸ் வகைக்குப் பலனும் இல்லை. கார்போபிளாட்டினைச் சிறுநீரகக் கணக்கு வைத்தே அளந்து கொடுப்பார்கள், அதனால் முடியும். பாக்லிடாக்ஸெல் வாரம் ஒரு முறை சிறு அளவில் கொடுக்கலாம், ஆனால் சர்க்கரையால் ஏற்கெனவே கால் மரத்திருந்தால் இன்னும் மரக்கும். ஜெம்சிடாபின் ஒன்றை மட்டும் கொடுப்பதும் ஒரு வழி. லேசான கீமோ என்று தனியாக ஒரு பாட்டில் கிடையாது தம்பி. அந்த ஆளுக்குப் பொருந்துகிற மருந்தும் அளவும்தான் உண்டு. சதையில் பி.டி.எல்.1 என்ற சோதனையும் செய்யச் சொல்லுங்கள். அது 50 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் கீமோவுக்குப் பதிலாக நோயெதிர்ப்பைத் தூண்டும் ஊசி மட்டுமே போதுமானதாக இருக்கலாம். விலை லட்சக்கணக்கில் போகும், அதனால் தொடங்கும் முன்பே எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது என்று குடும்பம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். வீட்டை விற்று மூன்று ஊசி போட்டு நான்காவதுக்கு இல்லாமல் நிற்பது பரிதாபம்.

கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அன்றைக்கும் அடுத்த இரண்டு மூன்று நாளும் சர்க்கரை ஏறும். இன்சுலினை யார் சரிபார்ப்பது என்று முன்பே கேட்டு வையுங்கள். புற்றுநோய் டாக்டர் சர்க்கரை டாக்டர் பார்ப்பார் என்று நினைப்பார், சர்க்கரை டாக்டருக்குக் கீமோ ஏற்றியதே தெரியாது.

முதியவர்களுக்கு மருந்து தொடங்கும் முன் நடை, நினைவு, எடைக்குறைவு, எத்தனை மாத்திரை, விழுந்திருக்கிறாரா, வீட்டில் யார் துணை என்று உட்கார்ந்து விசாரிக்க ஒரு முறை இருக்கிறது. 2021-ல் அமெரிக்காவில் எழுபது தாண்டிய, புற்றுநோய் முற்றிய 718 பேரிடம் பார்த்தார்கள். அந்த விசாரணையின் விவரம் டாக்டர் கையில் போகாத குழுவில் நூற்றுக்கு 71 பேருக்குக் கடுமையான பக்கவிளைவு. போன குழுவில் 51. உயிர் வாழ்ந்த காலம் குறையவில்லை. நம் ஆஸ்பத்திரிகளில் கூட்டம் நெருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது. அதனால் நீங்களே ஒரு முழுத்தாளில் எழுதிக் கொண்டு போங்கள். எவ்வளவு தூரம் நடக்கிறார், ஆறு மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தார், விழுந்தாரா, பேர் மறக்கிறாரா, காது கேட்கிறதா, ராத்திரி யார் கூடப் படுக்கிறார்கள். எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டு போய்க் கொட்டுங்கள். முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் மாத்திரையும் அதில் இருக்க வேண்டும். வாப்பாவின் சிறுநீரகத்தை அதுவே பாதி தின்றிருக்கலாம்.

நோன்பு: கீமோ ஓடும் காலத்தில், இந்தச் சர்க்கரையோடும் இந்தச் சிறுநீரகத்தோடும், பகல் முழுக்கத் தண்ணி இல்லாமல் இருப்பது கூடவே கூடாது. அது டாக்டராக நான் சொல்வது. நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவு கொடுக்கும் ஃபித்யாவும் உண்டு. அதை ஆலிம்சா வாயால் கேட்டால்தான் வாப்பாவுக்கு மனம் சமாதானமாகும். அவரை வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 81. படுத்த படுக்கை, 34 கிலோ. நுரையீரலில் கட்டி, இடுப்பு எலும்பிலும் இருக்கிறது. ராத்திரியெல்லாம் வலியில் முனகுகிறார். பெரிய அண்ணன் சென்னைக்குக் கொண்டு போய் கீமோ கொடுத்தே ஆக வேண்டும் என்கிறார். சின்ன அண்ணன் வேண்டாம் என்கிறார். இரண்டு பேரும் பேசுவதில்லை. நடுவில் நாங்கள். — ஒரு மருமகள், தொண்டி

பதில்: கீமோ வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. நகர முடியாத, 34 கிலோ உடம்பில் அதை ஏற்றினால் நோய்க்கு முன்னால் மருந்தே அவரை எடுத்துக்கொண்டு போய்விடும். 2015-ல் வந்த ஓர் ஆய்வு, வாழ்வின் கடைசி மாதங்களில் கீமோ எடுத்தவர்களைப் பார்த்தது. நடமாட முடியாதவர்களுக்கு அதனால் எந்தச் சுகமும் கிடைக்கவில்லை. நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்களுக்கே கடைசி வாரம் இன்னும் மோசமாகத்தான் போனது.

பெரிய அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள். அவர் கேட்பது அம்மாவுக்கான சிகிச்சை இல்லை. நாளைக்கு ஊர்க்காரர்கள் "என்ன செய்தாய்" என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலைத் தேடுகிறார். கோபப்படுவார், பரவாயில்லை. அந்த ஆத்திரத்தையும் பணத்தையும் அம்மாவின் வலி மேல் திருப்பலாம், செய்ய நிறைய இருக்கிறது.

இடுப்பு எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு. பத்து நாள் போக வேண்டியதில்லை, ஒரே ஒரு நாள் ஒரே ஒரு தடவை கொடுத்தாலே வலி குறைவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது நிரூபணமானது. தொண்டியிலிருந்து ஒரு நாள் வண்டி வைத்து மதுரை போய்த் திரும்பிவிடலாம். போகும்போதே "ஒரே தடவையில் முடியுமா" என்று கேளுங்கள், கேட்டால்தான் சில இடங்களில் கிடைக்கும்.

மார்ஃபின் மாத்திரை. பேரைக் கேட்டதும் "அது கடைசிக்குக் கொடுப்பது, போதை" என்று பயப்படாதீர்கள். வலிக்கும் மூச்சு முட்டலுக்கும் அதைவிட நல்ல மருந்து இல்லை. சிறு அளவில் தொடங்கி, நேரத்துக்கு நேரம் கொடுக்க வேண்டும். வலி வந்த பிறகு கொடுப்பதில்லை. மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதனால் கூடவே மலமிளக்கி எழுதச் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமாக இருக்கும். பல வாரமாகத் தூங்காதவர் தூங்கட்டுமே. மூச்சு வாங்கும்போது முகத்துக்கு நேராக ஒரு சின்ன மின்விசிறி வையுங்கள். சிரிக்காதீர்கள், வேலை செய்யும். 2021-லிருந்து நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இப்படிப் படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் செவிலியர் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பேரைப் பதிந்துவிடுங்கள். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று அவரிடமே கற்றுக்கொள்ளலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. அம்மா காலமெல்லாம் விறகடுப்பில் சமைத்தவர், புகையிலை பழக்கமில்லாதவர் என்றால், ரத்தத்திலேயே அந்த இ.ஜி.எஃப்.ஆர். சோதனையைச் செய்யலாம். மாற்றம் இருந்தால் மாத்திரை படுக்கையில் இருப்பவருக்கும் கொடுக்கக்கூடியது, சில பேர் எழுந்து உட்கார்ந்ததும் உண்டு. ஒரு குழாய் ரத்தம்தான் செலவு. இரண்டு அண்ணன்களும் சேர்ந்து ஒத்துக்கொள்ளக்கூடிய விஷயம் இது ஒன்றாவது இருக்கட்டும்.

கேள்வி: மருத்துவர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 71 வயது. கரிமூட்டத்தில் வேலை பார்த்தவன். பீடியும் உண்டு. போன மாதம் வரை இரண்டு தடவை கார்போபிளாட்டினும் பாக்லிடாக்ஸெலும் ஏத்தினார்கள். வாந்தி அதிகமில்லை. ஆனால் உள்ளங்கால் மரத்துவிட்டது, சோறு இறங்கவில்லை, எட்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. ஸ்கேன் பார்த்து "அப்படியே இருக்கு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை" என்றார்கள். எனக்குப் போதும் என்று தோன்றுகிறது. பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள். வைகாசியில் பேத்திக்குக் கல்யாணம். நிறுத்தினால் கோழை என்பார்களா? இந்த நோய் கரிப்புகையால் வந்ததா? — சாயல்குடி பக்கம்

பதில்: ஐயா, வணக்கம். இந்தக் கட்டு முழுவதிலும் நோயாளியே எழுதிய கடிதம் உங்களுடையதுதான்.

"அப்படியே இருக்கு" என்பதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். இந்த நோயில் வளராமல் நின்றாலே மருந்து வேலை செய்கிறது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். அதனால் "இனி ஏத்தியும் பயனில்லை" என்று நினைத்து நிறுத்த வேண்டாம். அதற்காக, பயன் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தொடரவும் வேண்டியதில்லை. முடிவு உங்களுடையது. பிள்ளைகள் யோசனை சொல்லலாம், அதற்கு மேல் இல்லை.

முழுசாக நிறுத்துவதற்கும் அப்படியே தொடர்வதற்கும் நடுவில் சில வழிகள் இருக்கின்றன. கால் மரத்தது பாக்லிடாக்ஸெலால். அதைச் சொன்னீர்களா? பல பேர் "டாக்டர் கோவிச்சுக்குவார்" என்று சொல்வதே இல்லை. சொன்னால் அளவைக் குறைப்பார்கள், அல்லது அந்த மருந்தை எடுத்துவிட்டு ஒற்றை மருந்தில் தொடர்வார்கள். இரண்டு தடவைக்கு நடுவில் இடைவெளியைக் கூட்டலாம். மருந்தே இல்லாமல் இரண்டு மாதம் இருந்துவிட்டு அப்புறம் ஸ்கேன் பார்க்கலாம். மரத்துப்போன காலோடு செருப்பில்லாமல் வெளியே நடக்காதீர்கள். உங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் கருவேல முள். குத்தியதே தெரியாமல் சீழ் வைத்து, வெள்ளை அணு குறைந்த நேரத்தில் அதுவே உயிருக்கு உலை வைக்கும்.

பேத்தி கல்யாணத் தேதியை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து என்றால், ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்த அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும், கூட்டத்தில் போகக் கூடாது. மூன்றாவது வாரம் உடம்பு ஓரளவு தேறியிருக்கும். முகூர்த்தம் அந்த மூன்றாவது வாரத்தில் விழுகிற மாதிரி மருந்தைத் தள்ளிப்போடலாம், அல்லது கல்யாணம் முடிகிற வரை ஏற்றாமலே இருக்கலாம். நாட்களை மாற்றி வைப்பதில் எந்த டாக்டருக்கும் கஷ்டம் இல்லை.

நிறுத்தினால் வைத்தியமே நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். 2010-ல் அமெரிக்காவில் பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் ஒன்று பார்த்தார்கள். புற்றுநோய்ச் சிகிச்சையோடு முதல் நாளிலிருந்தே வலி, பசி, மனச்சோர்வு இவற்றைக் கவனிக்கும் ஆதரவுச் சிகிச்சையும் பெற்றவர்கள் ஒரு குழு. அது இல்லாதவர்கள் இன்னொரு குழு. ஆதரவுச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கடைசி நாட்களில் தீவிர வைத்தியம் குறைவாகத்தான் நடந்தது. மனசும் தெளிவாக இருந்தது. இருந்தும் அவர்கள்தான் கூட வாழ்ந்தார்கள், 11.6 மாதம், மற்றவர்கள் 8.9. இதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். கோழை என்று சொல்கிறவன் ஒரு தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஏற்றிக்கொள்ளட்டும், அப்புறம் பேசலாம்.

கரிப்புகை பற்றி: விறகுப் புகை புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு வகைப்படுத்தியிருக்கிறது. பீடியைப் பற்றி "கூடும்" என்ற சந்தேகமே கிடையாது. உங்களுக்கு எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. இன்னும் மூட்டம் போடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பீடியை விடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் மாமாவைத் தங்கச்சிமடத்திலிருந்து மதுரைக்குக் கூட்டிப்போகிறோம். போன பிறகு ரத்தம் பார்த்து "அணு குறைவு, அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். காப்பீட்டு அட்டையில் எல்லாம் வருமா? — ஒரு மருமகன்

பதில்: ரத்தச் சோதனையை முதல் நாளே ராமநாதபுரத்தில் செய்து, சீட்டைப் போனில் படம் எடுத்து அனுப்பி "வரலாமா" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பெரும்பாலான இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். எழுபது தாண்டியவரை நாலு மணி நேரம் பஸ்ஸில் குலுக்கிக் கொண்டுபோய்த் திருப்பி அனுப்புவதும் ஒரு பக்கவிளைவுதான். முதல் மருந்தும் முடிவும் பெரிய ஆஸ்பத்திரியில் நடக்கட்டும்; பிறகு வருவதைப் பக்கத்தில் ஏற்ற முடியுமா என்று அவர்களிடமே கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வழக்கமான கீமோ மருந்துகள் அதில் வரும். விலை கூடிய புது மருந்துகளுக்கு, ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு அலுவலரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: கீமோ முடிந்து பத்தாம் நாள் ராத்திரி அப்பாவுக்குக் காய்ச்சல். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பாராசிட்டமால் கொடுத்தோம். நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. சரிதானே? மீன் கொடுத்தால் கட்டி வளரும் என்று நிறுத்திவிட்டோம். — ராமேஸ்வரம்

பதில்: சரியில்லை. பத்தாம் நாள் என்பது அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும் நேரம். அப்போது 100.4 டிகிரி வந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. வயதானவருக்குக் காய்ச்சல் ஏறாமலே குளிரும் உளறலும் மட்டும் வரலாம், அதுவும் அவசரம்தான். பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்குமே தவிரக் கிருமியை விரட்டாது. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். காய்ச்சல் என்றால் 108-ஐக் கூப்பிட்டு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், வாசலிலேயே "கீமோ எடுக்கிறவர், பத்தாம் நாள், காய்ச்சல்" என்று சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டும் மருந்துப் பேர்களும் எப்போதும் ஒரே பையில், கதவுக்குப் பக்கத்தில் தொங்கட்டும்.

மீனை நிறுத்தியது யார் யோசனை? எந்தக் கட்டியும் மீனால் வளராது. மீன் இல்லாமல் அவர்தான் மெலிவார். நகரையோ ஊளியோ அன்றைக்கு வந்ததை வாங்கி, நன்றாக வேகவைத்து, காரம் குறைத்துக் குழம்பாகக் கொடுங்கள். முட்டையும் பருப்பும் கொடுக்கலாம். அணுக்கள் குறைந்த நாட்களில் மட்டும் பழைய சோறு, வெளியில் வெட்டி வைத்த பழம், சரியாக வேகாத நண்டு, கணவாய் வேண்டாம். தண்ணியைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுங்கள். கருவாடு ஆசைப்பட்டால் அணுக்கள் தேறிய மூன்றாவது வாரத்தில், நன்றாகக் கழுவி, வறுத்து ஒரு துண்டு.